எட்டு மணி ஆராதனை

வெஸ்ட்கோம்ப் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் லயனல் டாப்செல்லுக்கு வயது இருபத்தாறு. உடுப்பைப் பார்த்தால் அறுபத்தாறு சொல்லலாம். செத்துப்போன யாரோ ஒரு பெரியவரின் கம்பளிக் கோட்டு, சங்கிலி போட்ட பாக்கெட் கடிகாரம், கடைசிப் பொத்தானை மட்டும் போடாத உள்கோட்டு. கைபேசி கிடையாது. சேதி சொல்ல வேண்டுமென்றால் மைப்பேனாவால் கடிதம் எழுதுவான். ஊர் சிரிக்கும். அவனும் சிரித்துக்கொண்டே தொப்பியைத் தூக்குவான்.

அவனைப் போலவே உடுத்தித் திரிந்தவன் ஆப்ரி ஒருவன்தான். ஆப்ரிக்கு, கழுத்தில் பட்டாம்பூச்சி போல முடிகிற 'போ டை' கட்ட மட்டும் வராது. கொக்கி மாட்டுகிற ஆயத்த டை போடுவது அவர்களுக்குள் பெரிய கேவலம். அதனால் ஆறு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் ஆலய வாசலில் லயனல்தான் கட்டிவிடுவான். பிறகு இருவரும் எட்டு மணி ஆராதனைக்குப் போவார்கள். பழைய ஜெபப் புத்தகம்தான் அங்கே, பாட்டுக்கூடக் கிடையாது. பத்துப் பதினைந்து பேர் வந்தால் அதிகம். அப்பா இறந்த வருஷம் லயனலைத் தாங்கியது அந்த ஜெபங்கள்தான்.

புதிதாக வந்த ஆயர் அதை நிறுத்திவிட்டு கிதார் ஆராதனை வைக்க நினைத்தார். சபைக் கமிட்டியில் ஏழு பேர். மூவர் ஆயர் பக்கம், லயனலையும் சேர்த்து மூவர் பழைய பக்கம். ஏழாமவன் ஆப்ரி. "நீ கை தூக்குறப்ப என் கையும் மேல இருக்கும்" என்று கடிதமே எழுதியிருந்தான்.

கூட்டத்தன்று காலை லயனல் உள்ளே நுழைந்ததும் கமிட்டியில் ஒருத்தியான திருமதி பிரிடம் தேநீர்க் கோப்பையோடு திரும்பினாள். "தாத்தா வந்துட்டாரு. பல்செட்டு எடுத்துட்டு வந்தீங்களா?"

"வீட்ல டம்ளர்ல ஊறுது மேடம்."

ஆப்ரி ஜீன்ஸ் போட்டு வந்திருந்தான்.

எட்டு மணி ஆராதனை வேண்டுமென்பவர்கள் கை தூக்கலாம் என்றார் ஆயர். மூன்று கைகள்தான் எழுந்தன. ஆப்ரி தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் லயனலின் தோளைத் தொட்டான் ஆப்ரி. "மனசுல வச்சுக்காத. செசிலிக்குக் கிதார்தான் புடிச்சிருக்கு. எங்க கல்யாணம் இங்கதானே. போன வாரமே ஆயர்கிட்ட சொல்லிட்டேன்."

"போன வாரமேவா?"

"எல்லாருக்கும் தெரியும், போன்ல வந்துச்சு. உன்கிட்டதான் போன் இல்லையே."

"தபால் இருக்கே ஆப்ரி."

ஆப்ரி சங்கடமாகச் சிரித்தான். "கோட்டு, தொப்பி, ஜெபம் எல்லாம் நமக்கு ஒரு வேடிக்கைதானேப்பா. நீ நெஜமாவே நம்பிட்டியா?"

லயனல் தொப்பியைத் தூக்கிவிட்டு நடந்தான்.

ஆப்ரி தன் கல்யாணத்தன்று காலையில் லயனல் வீட்டுக் கதவைத் தட்டினான். கறுப்புக் கோட்டு, கழுத்தில் கட்டாமல் தொங்கும் டை. "போட்டோவுல பழைய மாதிரி இருக்கணும்னு செசிலி சொல்லிட்டா. கட்டிவிடேன்."

லயனல் கட்டிவிட்டான். விரல்கள் பழக்கத்தில் தாமாகவே போயின. முகத்தை மட்டும் அவன் பார்க்கவில்லை.

"பதினோரு மணிக்கு வந்துருவேல்ல?"

"இப்ப எட்டாகப் போகுது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான் லயனல்.

கட்டிலருகே முழங்காலிட்டு ஜெபப் புத்தகத்தைத் திறந்தான். அறையில் வேறு யாருமில்லை. பிறர் செய்த தப்பை மன்னிக்கிற வரி வந்தபோது குரல் நின்றுவிட்டது. பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.