டிரெசர் வைத்தியலிங்கமும் என் மகளின் ரணகள்ளியும்

எங்கள் தோட்டத்து மருந்தறையைப் பார்த்துக்கொண்ட டிரெசர் வைத்தியலிங்கம் மலாக்கா ஆஸ்பத்திரியில் இறந்துபோன செய்தி, செவ்வாய்க்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்று குளிர்காய்ச்சல் வராமலிருக்கக் கொய்னா மருந்து கொடுக்க அவருடைய உதவியாள் மாரிமுத்து மட்டும் வந்திருந்தான். "ஐயா போயிட்டாரு" என்றான். ஆளுக்கு ஒரு வாய் மருந்து குடித்துவிட்டு மரம் சீவப் போனோம்.

இந்த நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவரை அறியாதவர் இல்லை. சாந்தமானவர் என்று இப்போது பேசிக்கொள்கிறீர்கள். என்னிடம் அவர் சாந்தமாக இருந்ததில்லை.

என் மகள் செல்லம் குளிர்காய்ச்சலில் போவதற்கு முந்திய மாதம், பால் டின்னில் மண் போட்டு ஒரு ரணகள்ளி இலையை வைத்தாள். தடித்த இலை, அதன் ஓரத்திலேயே குட்டிச் செடிகள் முளைக்கும். அவள் போன பிறகு, துளசிக்கு ஊற்றுவதுபோல் தினமும் குளித்துவிட்டு அதற்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"இது துளசி இல்லப்பா. தினம் ஊத்தினா அழுகிடும்" என்றார் டிரெசர்.

"எம்மக வச்சது ஐயா. எனக்குத் தெரியும்."

யார் சொல்லியும் எதையும் கற்றவனில்லை நான். எழுத்தைக்கூடத் தனியாகத்தான் கூட்டிப் படித்தேன்.

அடுத்த வாரம் நாங்கள் குடியிருக்கும் லயத்தைச் சோதிக்க வந்தவர் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். மண்ணுக்கு மேல் நின்ற தண்ணீரில் புழு நெளிந்தது. "செடியோட கொசுவும் சேத்து வளக்குறியா? இன்னும் எத்தனை பிள்ளைங்க போகணும்?" என்று கேட்டு, எல்லார் முன்னாலும் டின்னைக் கால்வாயில் கவிழ்த்தார். அன்றிலிருந்து அவர் சாகும்வரை, இரண்டு வருஷம், அவரோடு பேசவில்லை.

அவருடைய காரியம் முடிந்த மறுநாள் மாரிமுத்து என்னை மருந்தறைக்குக் கூப்பிட்டான். ஜன்னலில் ஒரு பால் டின், அடியில் ஆணியால் குத்திய துளைகள், உள்ளே ரணகள்ளி.

"உங்க பாப்பா செடிலா, அண்ணே. கவுத்த அன்னிக்கே ஒரு இலையைப் பொறுக்கிட்டு வந்துட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அது வேர் விட்டதும் எங்கிட்டக் கொடுத்து அனுப்பினாரே. ஐயா பேரைச் சொன்னதும் கதவைச் சாத்துனது யாரு?"

உண்மைதான். அவன் கையில் என்ன இருந்தது என்றுகூட அன்று நான் பார்க்கவில்லை.

அத்தனை பேர் முன்னால் அவர் கவிழ்த்தது தவறு. செத்தவர் என்பதற்காக அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செடி என்னிடம் இருந்திருந்தால் அந்த மாதமே அழுகியிருக்கும். இதை அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

டின் இப்போது என் வீட்டில் இருக்கிறது. காலையில் செம்போடு போய் மண்ணை விரலால் தொட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஈரம் இருக்கிறது. ஊற்றாமல் திரும்பி வந்துவிடுகிறேன். அவரிடம் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். இன்னும் பழகவில்லை.