முட்டிக்கு அடியில் ஒரு தலையணை

என் அக்கா ஒரு தையல் கூடத்தில் துணி வெட்டுகிறவள். இருபது அடுக்குத் துணியை மேசையில் விரித்து, மேலே கோடு போட்டு, வெட்டும் மெஷினை ஒரே ஓட்டமாக ஓட்டி இருபது சட்டைக்கான கைகளை எடுத்துவிடுவாள். ஒரு நூல் பிசகாது. கூடத்தில் அவளுக்குக் 'கத்திரியம்மா' என்று பெயர். வாயும் அப்படித்தான். அது உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. நின்று நின்றே வலது முட்டி தேய்ந்து, ஐம்பத்திரண்டு வயதில் மாற்று மூட்டு வைக்க வேண்டியதாயிற்று.

மூன்று மாதம் வரைக்கும் அவள் மேசையை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"தொண்ணூறாவது நாள் என் மேசைக்கு முன்னாடி நிப்பேன் பாரு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே என்னிடம் சவால் விட்டாள்.

பிசியோதெரபி கொடுக்க வந்த பெண் ஆள்தான் சின்னது, பிடிவாதம் பெரிது. வலி மாத்திரையை எப்போது போடுவது, எத்தனை முறை காலை மடக்குவது என்று எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசியில் விரலை நீட்டிச் சொன்னாள்:

"மடக்குறதை விட நீட்டுறதுதான்மா முக்கியம். குதிகாலுக்குக் கீழ துண்டைச் சுருட்டி வைங்க. முட்டிக்குக் கீழ மட்டும் எதையும் வைக்காதீங்க. சுகமாத்தான் இருக்கும். ஆனா முட்டி வளைஞ்சே நின்னுடும்."

நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா வீட்டுக்காரர் அப்போது கடையில் இருந்தார்.

மாமா மெத்தை, தலையணை தைக்கிறவர். பொண்டாட்டியிடம் 'சாப்பிட்டியா' என்று கேட்கவே நாள் பார்க்கிற ஆள். அக்கா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அந்த மனிதர் ஒரு தலையணையோடு வந்து நின்றார். நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு. அவள் அசந்து தூங்கும்போது முட்டியைச் சுற்றி நூல் பிடித்து அளவெடுத்திருக்கிறார்.

"இதுல வச்சுப் பாரு" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா கண்ணாலேயே அடக்கினாள். காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

"அப்பாடா" என்றாள்.

நடிப்பில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் அந்தப் பக்கம் போனதும் நான் எகிறினேன். "அறிவிருக்கா உனக்கு? அந்தப் பொண்ணு தலைப்பாடா அடிச்சுக்கிட்டாளே!"

"ரெண்டு நாள்தான்டி. எனக்குன்னு அவரு தைச்சது இது ஒண்ணுதான். எப்படி வேணாம்னு சொல்றது?"

ரெண்டு நாள் ஆறு வாரமாயிற்று. பயிற்சியில் அவள் குறை வைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, வேளை தவறாமல் செய்தாள். பாடுபட்டு அரை மணி நேரம் நீட்டிய காலை மீதி நேரமெல்லாம் தலையணை வளைத்துக்கொண்டிருந்தது.

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் முட்டியின் கோணத்தை அளந்தாள். நேராவதற்கு இன்னும் பதினைந்து டிகிரி பாக்கி. நம்பாமல் மறுபடியும் அளந்தாள்.

"முட்டிக்குக் கீழ ஏதாவது வைக்கிறீங்களாம்மா?"

"இல்லையே" என்றாள் அக்கா.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றுவரை எனக்கு என்மேலேயே ஆத்திரம்.

"இன்னும் நேரம் இருக்கு. இந்த மாசத்தை விட்டா கஷ்டம்" என்றாள் அந்தப் பெண்.

இன்று மாமாவிடம் சொல்லிவிடுவதாக வழியெல்லாம் அக்கா சத்தியம் செய்தாள். வீட்டுக்குப் போனால், தலையணைக்குப் புது உறை. பழையதை மாமா தன் கையாலேயே துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். அக்கா அதைப் பார்த்தாள். படுத்துக் காலை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

தொண்ணூறாவது நாள் சொன்னபடியே மேசைக்கு முன்னால் நின்றாள். அரை மணி நேரம்தான். வளைந்த காலுக்கு ஈடாக இடுப்பைச் சாய்த்து நின்றதில் மெஷின் விலகி, இருபது அடுக்கும் கோணலாகப் போயிற்று. முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து, நூல் பிசிறு வெட்டுகிற பெண்கள் பக்கத்தில் போட்டு அவளை உட்காரச் சொன்னார். கத்திரியம்மா அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லையாம்.

சாயங்காலம் நான் போனபோது மாமா வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"ஏம்மா, அந்தப் பயிற்சி குடுக்குற பொண்ணுக்கு வேலை தெரியலையோ? நம்ம பக்கம் நாம ஒரு குறையும் வைக்கலையே."

உள்ளே அக்கா காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

"ஆமா மாமா. அவளுக்கு வேலை தெரியல" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றார் மாமா.