எட்டாவது அணியின் கோல் காப்பாளர்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, கனடாவின் மொன்றியல் நகரத் தமிழரின் விளையாட்டு வரலாறு திசை மாறியது. எங்கள் ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர் உதைபந்தாட்டக் குழு, மூன்று கோடைகால விவாதத்துக்குப் பின், வெளியேற்றுச் சுற்றுக்கு நான்கு அணிகளுக்குப் பதிலாக எட்டு அணிகளை எடுப்பதென்று ஒரு வாக்கு வித்தியாசத்தில் முடிவு செய்தது. எதிர்த்து வாக்களித்தவர்களில் நானும் ஒருவன். தீர்மானத்தைக் கொண்டுவந்த குலசிங்கம் அண்ணை கூட்டத்துக்கு வராததற்கு பஸ்ஸைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் காலையிலேயே காலமாகிவிட்டதாக மகள் தொலைபேசியில் சொன்னார்.

எங்களிடம் இருப்பவை ஏழு அணிகள். எட்டாவது அவருடையது. கடலோரத்துச் சிறு கல்லூரி ஒன்றின் அணி. தீவொன்றுக்கு ஆடப் போன படகில் அதன் பத்துப் பேர் இருந்தார்கள். படகு திரும்பவில்லை. காய்ச்சலோடு வீட்டில் நின்ற பதினோராவது ஆள், கோல் காப்பாளர் குலசிங்கம்.

ஒவ்வொரு கோடையும் அந்தப் பத்துப் பெயர்களையும் அழகாக எழுதிச் செயலாளரான என்னிடம் தருவார். பதினோராம் எண்ணுக்கு எதிரே ஒன்றும் இராது. ‘பட்டியல் நிரம்பவில்லை’ என்று எழுதிக் கோப்பில் வைப்பேன்.

“உங்கடை பேரைப் போடுங்கோவன் அண்ணை,” என்றேன் ஒருமுறை.

“அவசரப்படாதையும் ஐசே. கீப்பர் பேந்து வருவார்.”

விவாதத்தில் அவரை அதிகம் சீண்டியவர் பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருக்கும் சிவா. “நாலே கனக்க. எட்டெண்டால் கடைசியா வாறவனுக்கும் கோப்பை ஆசை வந்திடும். உங்கடை ரீமிலை ஆரண்ணை இருக்கினம்?”

“ஆக்கள் இருக்கினம் தம்பி. இடம்தான் இல்லை.”

சிவா அன்று தன் தேத்தண்ணியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

லாசால் மைதானத்தில் இடைவேளைக்குக் குலசிங்கம் அண்ணை பத்துத் தோடம்பழங்களை வெட்டி, ஒருவரும் உட்கார்ந்திராத வாங்கில் வைப்பார். ஆட்டம் முடியும்போது தோல் மட்டும் கிடக்கும். தான் தொடவில்லை என்று குழுவினர் ஒவ்வொருவரும் தனித்தனியே சொன்னார்கள். குழு ஒருமனதாக இருந்த ஒரே விஷயம் அது.

செத்தவீட்டில் மகள் ஓர் உறையைத் தந்தார். “அப்பா உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர், அங்கிள். காலமை எழும்பி எழுதினவர்.”

இந்த ஆண்டுப் பட்டியல். பதினோராம் எண்ணுக்கு எதிரே, அதே கையெழுத்தில், ‘குலசிங்கம், கோல் காப்பாளர்’ என்றிருந்தது.

பட்டியல் நிரம்பியிருந்தது. மறுக்க விதியில் இடமில்லை. ஏற்றுக்கொண்டேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை அந்தப் பழைய தாள்கள்தாம். பதினோராம் வரி வெறுமையாக இருக்கும் தாள்கள். முன்பு அந்த வெறுமையைக் குறை என்று எழுதினேன். அவர் உயிரோடு இருந்ததற்கு என்னிடமுள்ள எழுத்துச் சான்று அதுதான்.

சீட்டுக் குலுக்கியதில், காலிறுதியில் அந்த எட்டாவது அணியை எதிர்த்து ஆட எங்கள் கல்லூரியின் பெயர் வந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு ஓர் அணியில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். எங்கள் அணியில் இதுவரை ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.