தினமும், இல்லாட்டி கிடையவே கிடையாது

என் அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு அது பெரிய தலைவலி. ஆசையாக முடி வெட்டிக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், "வெட்டாமலே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

வேலை கொடுத்த குணம் அது. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு, மடித்து அடுக்குபவள் அவள். அங்கே விரிப்பு இருக்கிறதா என்று கேட்டதற்கு யாராவது பார்க்காமலேயே "இருக்கும், இருக்கும்" என்று சொல்லிவிட்டால், எங்கோ ஒரு வார்டில் ஒரு நோயாளி வெறும் மெத்தையில் கிடக்க வேண்டியதுதான். கண்ணால் பார்த்தால்தான் அண்ணி 'இருக்கு' என்பாள்.

நீராவி இஸ்திரி மெஷினின் மூடி யானைக் கனம். அதை இழுத்து இழுத்து அவளுடைய வலது தோள் போய்விட்டது. இனிமேல் அந்தக் கையைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துணிக் கிடங்கின் கவுன்டரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று காலியாக இருந்தது. ஆனால் வார்டுகளிலிருந்து போன் செய்யும் நர்ஸுகள் பல ஊர்க்காரர்கள், பேச்செல்லாம் ஆங்கிலம். "கொஞ்சம் பேசிக் காட்டுங்க, வேலை உங்களுக்குத்தான்" என்றார் மேலாளர். பேச வராவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அந்த வேலை அண்ணிக்கு உயிர்.

அதனால் மாலை வகுப்பில் சேர்ந்தாள். ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினாள். டீச்சர் 'ஒன்ஸ் இன் எ வைல்' என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாராம். எப்பவாவது ஒரு தடவை என்று அர்த்தம். அதை வைத்து அவரவர் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தான் எப்பவாவது மீன் பிடிக்கப் போவதாக அளந்துவிட்டாராம். அண்ணி முறை வந்தபோது வாயே திறக்கவில்லை.

"ஏதாவது சொல்லிட்டு வர வேண்டியதுதானே அண்ணி? எப்பவாவது சினிமாவுக்குப் போவேன்னு சொல்லுங்க."

"எங்க போனேன்?"

"எப்பவாவது ஐஸ்கிரீம் சாப்பிடுவேன்னு."

"பல் கூசுது. சாப்பிடறதே இல்ல."

"எப்பவாவது கோபம் வரும்னு சொல்லேன்" என்றான் அண்ணன், சாப்பிட்டுக்கொண்டே.

"அது தினமும் வருது."

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. பாத்திரத்தைக் கழுவி கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையோடு நின்றாள்.

"யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன். சமைக்கிறது தினமும். துவைக்கிறது தினமும். இத்தனை வருஷமா இஸ்திரி தினமும். மத்ததெல்லாம் கிடையவே கிடையாது. எப்பவாவதுன்னு சொல்லிக்க என்கிட்ட ஒண்ணுமே இல்லையே."

குறையாகச் சொல்லவில்லை அவள். அலமாரியில் துண்டு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது போலத்தான் சொன்னாள். எனக்குத்தான் ஏன் சிரித்தோம் என்று இருந்தது.

என் அண்ணன் உலக மகா உம்மணாமூஞ்சி. பிரஷர் குக்கரும் அடுப்பும் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். குக்கராவது நேரத்துக்கு விசில் அடிக்கும், இவன் வாயைத் திறப்பதே அபூர்வம்.  அன்றைக்குத் தட்டை மட்டும் தானே கழுவி வைத்தான். அதுவே எங்கள் வீட்டில் அதிசயம்.

மறுநாள் வெளிச்சம் இருக்கும்போதே கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்றான். பின்னாலேயே மூடி இறுகிப்போன குக்கரோடு ஒரு அம்மா ஓடி வந்தார். "நாளைக்கு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டான். வந்த வேலையை அவன் திருப்பி அனுப்பி நான் பார்த்ததே இல்லை.

"கிளம்பு" என்றான் அண்ணியிடம்.

"எங்க?"

"சும்மாதான். பாலம் வரைக்கும்."

அண்ணி என்னைப் பார்த்தாள். எனக்கென்ன தெரியும்? இருவரும் போனார்கள். இருட்டிய பிறகு திரும்பினார்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார்களாம். அவ்வளவுதான். அண்ணி முகம் மட்டும் கழுவித் துடைத்தது போல் இருந்தது.

"வாக்கியம் கிடைச்சாச்சு!" என்றேன்.

"எப்படி? ஒரு தடவைதானே போனோம். ஒரு தடவை போனதை எப்பவாவது போவோம்னு சொல்ல முடியுமா?"

தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணன் அடித்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமும் கடையைச் சீக்கிரம் பூட்டினான். பிறகு ஒரு வாரம் விட்டு, மேலாளர் வைத்த பேச்சுத் தேர்வுக்கு முதல் நாள், மழைத் தூறலில், ஒரே குடையில் போனார்கள்.

தேர்வு அன்று நானும் அண்ணனும் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போய் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். உள்ளே மேலாளரும் இன்னொரு அம்மாவும். போனில் விரிப்பு கேட்டால் என்ன சொல்வீர்கள், தீர்ந்துபோனால் என்ன சொல்வீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். தட்டுத் தடுமாறிச் சமாளித்தாள். கடைசியில் அந்த அம்மா, "உங்களுக்கே உங்களுக்குன்னு என்ன செய்வீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அண்ணி திரும்பி ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்தாள். போச்சு என்று நினைத்தேன். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. என் கையைச் சுரண்டினான். "என்ன சொல்றா? சரியாச் சொல்றாளா?"

"ஒன்ஸ் இன் எ வைல், என் வீட்டுக்காரர் கடையைச் சீக்கிரம் பூட்டுவார். ரெண்டு பேரும் பாலத்துக்குப் போவோம். அங்க ஒண்ணுமே செய்யமாட்டோம். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்படிச் சொல்றாங்க."

அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பாமலேயே, "இன்னொரு தடவை சொல்லு" என்றான். சொன்னேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதில் என்ன வெட்கம்.

அண்ணி வெளியே வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "இன்னிக்குப் போலாமா?"

"வேலை கிடைச்சுதான்னு கேளேன் அண்ணா!" என்று கத்தினேன்.

"திங்கக்கிழமையிலேர்ந்து கவுன்டர்ல உட்காரச் சொல்லிட்டாங்க" என்றாள் அண்ணி. பிறகு அண்ணனைப் பார்த்தாள். "நேத்துத்தானே போனோம்? எப்பவாவதுன்னு இப்பதான் உள்ள சொல்லிட்டு வந்திருக்கேன். தினமும் கூப்பிட்டா நான் சொன்னது பொய்யாயிடும்."

அண்ணன் முழித்தான்.

"ஆனா பரவாயில்ல, வாங்க" என்று அண்ணி முன்னால் நடந்தாள்.