தோற்பதற்கு ஒரு சீசன் டிக்கெட்

எனக்கு ரம்மி ஆடத் தெரியும். நன்றாகவே தெரியும். இதை வெளியில் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிருக்கிறது. ஏனென்றால், தெரியாது என்று நடித்துத்தான் நான் என் வாலிபத்தில் நாலு வருஷம் ரயிலில் உட்கார்ந்து போனேன். நடித்தேனா, நிஜமாகவே தெரியாமல் போய்விட்டதா என்ற குழப்பம் மட்டும் இன்னும் தீரவில்லை.

எழுபதுகளின் கடைசி. வீடு ஸ்ரீரங்கத்தில், வேலை அரியலூரில் ஒரு அரசாங்க ஆபீஸின் ரிக்கார்டு ரூமில். காலையில் திருச்சி ஜங்ஷனிலிருந்து கிளம்பும் பாசஞ்சரைப் பிடித்தால் ஆபீஸ் நேரத்துக்குப் போய்விடலாம். கரி எஞ்சின். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகிறவன் மடையன். ஜங்ஷனிலேயே எல்லா இடமும் நிரம்பிவிடும். டவுன் ஸ்டேஷன் கூட்டத்தையும் ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வரும்போது வாசலில் ஆட்கள் தொங்குவார்கள்.

ஆனால் சீசன் டிக்கெட்காரர்களுக்கு என்று ஒரு முறை இருந்தது. பெட்டிக்குப் பெட்டி சீட்டாடும் செட்டுகள். ஜங்ஷனில் ஏறுகிறவர், பின்னால் ஏறப்போகிற தன் செட்டு ஆளுக்காக ஜன்னலோரம் ஒரு துண்டைப் போட்டு வைப்பார். அந்தத் துண்டின்மேல் கலெக்டரே வந்தாலும் உட்கார மாட்டார். அதேபோல, ஒருத்தரைச் செட்டிலிருந்து விலக்கவேண்டுமானால் சண்டை கிண்டை எதுவும் கிடையாது. ஒருநாள் காலையில் துண்டு இருக்காது, அவ்வளவுதான். போகிறவர் புரிந்துகொண்டு போய்விட வேண்டும்.

எனக்கு அந்தத் துண்டு உயிர். காவிரிப் பாலத்தில் சைக்கிளோடு விழுந்ததில் என் இடது கணுக்கால் சரியாகக் கூடவில்லை. அரியலூர் வரை நின்றால் சாயங்காலம் கால் பூசணிக்காயாகிவிடும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நாள் முழுக்க ரிக்கார்டு ரூமில் நானும் கரையானும்தான். வீட்டிலோ ஒரு சுவருக்கு இரண்டு குடித்தனம், சத்தமாகச் சிரிக்க முடியாது. நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ரயிலில் மட்டும்தான்.

முதலில் நான் சேர்ந்தது எஞ்சினுக்கு அடுத்த பெட்டிச் செட்டில். என் மூளைக்கு ஒரு கோளாறு. ஒரு சீட்டு கீழே விழுந்ததைப் பார்த்துவிட்டால் மறக்காது. ரிக்கார்டு ரூமில் சர்வே நம்பர்களோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு இரண்டு கட்டுச் சீட்டு என்ன பிரமாதம்? எது போயிற்று, யார் எதற்குக் காத்திருக்கிறார் என்று கண்ணாடி போட்ட மாதிரி தெரியும். ஜெயித்தேன். தினமும் ஜெயித்தேன். பந்தயம் என்ன, லால்குடி பிளாட்பாரத்தில் தோற்றவர்தான் எல்லாருக்கும் வடை வாங்கவேண்டும். இரண்டு மாசம் நான் ஒரு வடைகூட வாங்கவில்லை. வாயையாவது மூடிக்கொண்டு இருந்தேனா? "அந்த ஏழைப் போட்டப்பவே நினைச்சேன், உங்க கை அவ்வளவுதான்னு" என்று வியாக்கியானம் வேறு. நுணலும் தன் வாயால் கெடும்.

சீட்டின் முதுகைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். என்னவோ அடையாளம் போட்டிருக்கிறேனாம். புதுக் கட்டு வாங்கினார்கள். புதுக் கட்டிலும் ஜெயித்தேன். மறுநாள் ஸ்ரீரங்கத்தில் ஏறினால் ஜன்னலோரத்தில் ஒரு மூட்டைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். துண்டு இல்லை. ரயில் கிளம்பியதும் செட்டில் மூன்று பேரும் அகண்ட கொள்ளிடத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "வடைக்காகவாய்யா?" என்று கத்திவிட்டேன்.

அப்புறம் எட்டு மாசம் நின்றுகொண்டே போனேன். எந்தப் பெட்டியில் ஏறினாலும் "ஓ, அந்த ஸ்ரீரங்கத்துக்காரரா?" என்று சீட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள்.

கடைசிப் பெட்டிக்கு என் புகழ் எட்டவில்லை போலிருக்கிறது. அங்கே மூன்று பேர். புள்ளம்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டராகப் போய்வரும் கிறிஸ்தவர் ஒருவர். கழுத்துவரை பித்தான் போட்டிருப்பார், எது நடந்தாலும் "ஆண்டவரே" என்பார். இன்னொருவர் தபால் ஆபீஸ் கிளார்க். மூன்றாமவர் சிமென்ட் ஆலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர். என் காலைப் பார்த்து ஹெட்மாஸ்டர்தான் கேட்டார்.

"உக்காருங்க சார். சீட்டு ஆடுவீங்களா?"

"ஏதோ சுமாரா ஆடுவேங்க. ஜோக்கர் எதுன்னு சொன்னா ஆடிடுவேன்" என்றேன். அந்தப் பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று தெரியவில்லை. மறுநாள் ஜன்னலோரத்தில் அவருடைய நீலக்கரைத் துண்டு எனக்காகக் கிடந்தது. அதை எடுத்து மடித்து அவரிடம் கொடுத்தபோது கண் கலங்கிவிட்டது. புகைக்கரி விழுந்துவிட்டது என்றேன்.

அன்றிலிருந்து தோற்கப் பழகினேன். சும்மா தோற்றால் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கும் ஒரு நேர்த்தி வேண்டும். கையிலுள்ள பதின்மூன்று சீட்டையும் அடுக்கக் கூடாது, விறகுக்கடை மாதிரி தாறுமாறாக வைத்திருக்க வேண்டும். என்ன போட வேண்டும் என்று தெரிந்ததும் போட்டுவிடக் கூடாது. உதட்டைக் கடித்து, மேலே காற்றாடி இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்து, இரண்டு சீட்டைத் தொட்டு, மூன்றாவதைப் போட வேண்டும். "கிளாவர் ஒன்பது போயிடுச்சாங்க?" என்று கேட்க வேண்டும். அது போனதும், யார் போட்டார், அப்போது எந்த ஸ்டேஷன் வந்தது என்பதுவரை எனக்குத் தெரியும். ஆறு நாளைக்கு ஒருமுறை ஜெயிக்கவும் வேண்டும். அப்போது சீட்டை விரித்துவிட்டு நானே நம்பாததுபோல் "அட, சேர்ந்துடுச்சா!" என்று விழிக்க வேண்டும்.

சீட்டு சரியில்லை என்று அலுத்துக்கொள்வதும் என் நடிப்பில் சேர்த்தி. அப்போதெல்லாம் ஹெட்மாஸ்டர் சிரிப்பார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போன சீட்டை ஞாபகம் வெச்சுக்கணும் சார், அதான் ரகசியம்." அவர் ஒன்றும் பெரிய கில்லாடி இல்லை. லால்குடியில் வடை வாங்குவது ஒருநாள் நான் என்றால் மறுநாள் அவர். ஜெயிப்பதெல்லாம் தபால்காரரும் ஸ்டோர்ஸ்காரரும்தான். இரண்டு அசடுகளை வைத்துக்கொண்டு அவர்கள் ராஜாவாக வாழ்ந்தார்கள்.

என் மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். "ஜெயிக்கத் தெரிஞ்ச மனுஷன் எதுக்குத் தோக்கணும்? தலையில என்ன களிமண்ணா?" என்றாள்.

"ஜெயிச்சா நிக்கணும்டி."

"நல்லாருக்கு போங்க. ஊர்ல எல்லாரும் உக்கார்றதுக்கு ஜெயிக்கறாங்க" என்று இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை, நான் செய்ததிலும் தப்பில்லை. யோசித்தால் தலை சுற்றியது, விட்டுவிட்டேன்.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு மார்கழிக் காலையில் எனக்கு ஆசை வந்துவிட்டது. இன்றைக்கு ஒருநாள், யாருக்கும் தெரியாமல், உள்ளுக்குள் முழு மூச்சாக ஆடிப் பார்ப்போம் என்று ஆடினேன். தோற்றேன். மறுநாளும் ஆடினேன், மறுநாளும் தோற்றேன். போன சீட்டெல்லாம் ஞாபகம் இருந்தது, ஆனாலும் எனக்கு வேண்டிய சீட்டு மட்டும் வரவே இல்லை. தோற்றுத் தோற்று மூளை அதிலேயே பழகிவிட்டதா? ஆபீஸில் சர்வே நம்பர்களை ஒப்பித்துப் பார்த்தேன். ஒன்றும் மறக்கவில்லை. அப்படியானால் இது என்ன? அதற்கப்புறம் ஒவ்வொரு தோல்வியிலும் எனக்குச் சந்தேகம், இது நான் தோற்றுக் கொடுத்ததா, தோற்றுப்போனதா என்று.

இந்த லட்சணத்தில் இன்னொரு வருஷம் ஓடியபிறகுதான் ஒருநாள் குட்டு வெளிப்பட்டது. எஞ்சின் பக்கத்துப் பெட்டியில் ஏதோ கல்யாணக் கூட்டம். இடமில்லாமல் பழைய செட்டு ஆள் ஒருவர் பிட்சாண்டார்கோயில் ஸ்டேஷனில் இறங்கி ஓடிவந்து எங்கள் பெட்டியில் ஏறினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு காற்றாடி இல்லாத கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பார்த்தார். விறகுக்கடை. அவர் வாய் பிளந்துவிட்டது.

"அடப்பாவி மனுஷா! இவர்கூடவா ஆடறீங்க? இவரு இந்த ரயில்லயே எமகாதகருங்க. எங்களையெல்லாம் மொட்டையடிச்சவரு. உங்கள்ட்ட நடிக்கிறாருங்க!"

தபால்காரர் என் கையைப் பார்த்தார். ஸ்டோர்ஸ்காரர் மெதுவாக, "நெசமா சார்?" என்றார். நான் கையிலிருந்த விறகுக்கடையை இன்னும் கொஞ்சம் கலைத்தேன். ஹெட்மாஸ்டர் மட்டும் தன் சீட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், "உங்க முறை சார், போடுங்க" என்றார். அன்று லால்குடியில் வடை வாங்கக்கூட யாரும் இறங்கவில்லை.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. "போனாப் போகுது, பஸ்ல போங்க" என்றாள் மனைவி. பஸ்ஸில் துண்டு போடுவார்களா? மறுநாள் பிளாட்பாரத்தில் நிற்கும்போது இடது கால் அப்போதே வலித்தது. ரயில் உள்ளே வந்தது. கடைசிப் பெட்டி கடைசியாகத்தானே வரும்! ஜன்னல் ஜன்னலாக எண்ணினேன். நீலக்கரைத் துண்டு கிடந்தது.

ஏறி உட்கார்ந்தேன். சீட்டுப் போட முழங்கால்கள்மேல் ஒரு சூட்கேஸைக் கிடத்தினார்கள். தபால்காரர் கொஞ்சம் விறைப்பாக, "ஹெட்மாஸ்டர் சொன்னதால துண்டு போட்டிருக்கு. இன்னிக்காச்சும் ஒழுங்கா ஆடுங்க. எமகாதகர் ஆட்டத்தை நாங்களும் பாக்கறோம்" என்றார்.

ஆடினேன். சீட்டை அடுக்கினேன். நாலு வருஷத்தில் முதல் தடவையாக உதட்டைக் கடிக்கவில்லை. கொள்ளிடம் தாண்டும்போதே என் கையில் எல்லாம் சேர்ந்துவிட்டது, இஸ்பேட் ராணி ஒன்றுதான் பாக்கி. ஜாக்கியும் ராஜாவும் நடுவில் ஓட்டையோடு காத்திருந்தார்கள். ஜோக்கர் வைத்து ஒப்பேற்ற முடியாத அசல் வரிசை அது, அது சேராவிட்டால் கை முழுக்கத் தோல்விதான். இரண்டு கட்டில் இரண்டு ராணி. ஒன்று முதலிலேயே போய்விட்டது. இன்னொன்று யாருக்கும் பிரயோஜனப்படாது, அதனால் அடுக்கில்தான் இருக்க வேண்டும். வாளாடி ஸ்டேஷன் வந்தது, ராணி வரவில்லை. லால்குடி கைகாட்டி தெரிந்தபோது ஸ்டோர்ஸ்காரர் ஆட்டம் முடிந்தது என்று சீட்டை விரித்து டிக் அடித்துவிட்டார். நான் தோற்றேன்.

"யோவ், இன்னுமா நடிப்பு?" என்றார் தபால்காரர்.

"ரங்கநாதர் சத்தியமா தோத்துட்டேங்க!"

"சாமியை ஏன் சார் இழுக்கறீங்க?" என்று ஸ்டோர்ஸ்காரர் சிரித்தார். இரண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம். எமகாதகரே தங்களுக்காகத் தோற்றுக் கொடுக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் கத்தினேன், கையை விரித்துக் காட்டினேன். ஒருத்தரும் நம்பவில்லை. நாலு வருஷம் பொய்யாகத் தோற்றதை நம்பினவர்கள், நிஜமாகத் தோற்ற அன்றைக்கு நம்பவில்லை. இறங்கிப் போய் வடை வாங்கிவந்தேன்.

புள்ளம்பாடியில் ஹெட்மாஸ்டர் இறங்கினார். மற்ற இருவரும் அன்றைய பேப்பரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் வந்து குடையை ஊன்றிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"இஸ்பேட் ராணிதானே தேடினீங்க? என்கிட்ட இருந்துச்சு. முதல் சுத்துலேர்ந்தே. எனக்கு வேண்டாத சீட்டுதான்."

"வேண்டாததை ஏங்க வெச்சிருந்தீங்க?"

"உங்களுக்கு வேணுமே." அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அந்த எஞ்சின் பக்கத்துப் பெட்டி இருக்கே சார், எனக்கும் அங்கே துண்டு நின்னுபோச்சு. நீங்க வர்றதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடி. அப்ப இருந்தவங்க யாரும் இப்ப இல்லை. ஒண்ணரை வருஷம் நின்னேன், ஆண்டவரே!" எஞ்சின் ஊதியது. அவர் உதட்டின்மேல் ஒரு விரலை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

நான் கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறேன். அன்று அரியலூர் வரைக்கும், அதற்கப்புறம் இத்தனை வருஷமும் யோசித்துவிட்டேன். நான் அவருக்குத் தோற்றுக் கொடுத்தேன், அவர் எனக்குத் தோற்றுக் கொடுத்தார். அந்த மார்கழியில் எனக்கு வராத சீட்டெல்லாம் அவர் கையில் இருந்ததா? அப்படியானால் அந்தச் சில நாளாவது நிஜமாக ஆடினது நாங்கள் இருவர்தானா? கேட்டிருக்கலாம். கேட்டால் மற்ற இருவர் காதிலும் விழும், அவருடைய இடம் போய்விடும் என்று பயந்துவிட்டேன்.

மறுநாளும் துண்டு கிடந்தது. சீட்டுப் போட்டார்கள். இரண்டாவது சுற்றில் ஹெட்மாஸ்டர் கூரையைப் பார்த்து யோசித்து, இரண்டு சீட்டைத் தொட்டு, மூன்றாவதைப் போட்டார். ஜோக்கர்.

"ஐயய்யோ, தப்பாப் போட்டுட்டேனே!"

"இத்தனை வருஷமா ஆடறீங்க, இன்னும் ஜோக்கர் தெரியலையா சார்?" என்று தபால்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த ஸ்ரீரங்கத்துக்காரர்கிட்ட கத்துக்குங்க."

ஹெட்மாஸ்டர் பவ்வியமாக என் பக்கம் திரும்பினார். "சொல்லிக் குடுங்க சார்" என்றார்.

"போன சீட்டை ஞாபகம் வெச்சுக்கணுங்க" என்றேன்.