நான்கு சக்கரமும் ஒரே சூடு

“இல்ல வித்யாலக்ஷ்மி, அந்தப் பேச்சை விடு. ஷமீரா கை பட்டு வண்டி கெட்டுப்போகல. யார் கை பட்டுக் கெட்டுச்சுன்னு எனக்குத் தெரியும்.”

எதிர்வீட்டு வித்யாலக்ஷ்மி கெட்டவள் இல்லை. தெரு சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். என் வீட்டுக்காரர் ஜெய்னுலாபுதீன் இருந்தவரைக்கும் குதிரை மாதிரி ஓடிய பிக்கப், அவர் மௌத்தாகி மருமகள் சாவியை எடுத்ததும் முடங்கிவிட்டதாம். கடைசியில் மெக்கானிக் ரகுராமன் வந்து காப்பாற்றினாராம். ஊர் வாய்க்கு மூடி கிடையாது. ஆனால் என் மருமகளைப் பற்றித் தப்பாகப் பேசினால் நான் திருத்தாமல் விடமாட்டேன்.

ஷமீரா நாகூர்ப் பெண். என் மகன் ஜாஃபர் சாதிக்கைக் கட்டிக்கொண்டு வலங்கைமானுக்கு வந்தாள். அவன் குவைத்துக்குப் போனபிறகு, கொல்லையை ஒட்டிய நிலத்தில் பாய் நாற்று போட ஆரம்பித்தாள். நடவு மெஷினுக்குப் போகிற நாற்று அது. பாய் மாதிரியே சுருட்டி எடுக்கலாம். அதிகம் பேசமாட்டாள். வந்த புதிதில் மிக்ஸி இரைகிறது என்று அதைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே புளியங்கொட்டை இருந்தது. கண்டுபிடித்ததற்குப் பாராட்டாமல், பிரித்ததற்குத் திட்டினேன்.

அந்த வண்டி என் மூத்த பிள்ளைக்கும் மூத்தது. இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்து, சுற்றுப்பட்டு ஊரெல்லாம் இவளிடம் நாற்று சொல்லியிருந்த நேரம். குடமுருட்டிப் பாலத்தில் பிரேக்கை மிதித்தாள். காலை எடுத்தும் சக்கரம் விடவில்லை. வண்டி குறுக்கே இழுத்துக்கொண்டு போய்ச் சுவரை உரசி நின்றது. வெகுநேரம் ஆறியபிறகு தானாக விட்டது. ரகுராமன் சக்கரத்து டிரம்மைக் கழற்றி, பிரேக் ஷூவும் ஸ்பிரிங்கும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். மறுநாளும் பிடித்துக்கொண்டது. நடவுக்காலத்தில் வாடகைக்கு வண்டி எங்கே கிடைக்கும்? நாற்றுக்கோ வயது ஏறிக்கொண்டிருந்தது. முற்றிவிட்டால் மெஷின் ஏற்காது.

நாற்று போனால் போகட்டும், இனி அந்த வண்டியில் ஏறாதே என்று நான் முடிவாகச் சொல்லிவிட்டேன். பழைய இரும்புக்காரரை வெள்ளிக்கிழமை வரச்சொல்லியும் விட்டேன். ஜாஃபரும் போனில் அதையே சொன்னான். அதற்கு அவள், வெள்ளிக்கிழமைவரை சாவி தன்னிடம் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டாள்.

களத்தில் வண்டியை மெதுவாக ஓட்டி ஓட்டி மிதித்து, பிடித்துக்கொண்டதும் இறங்கினாள். செம்பில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு டிரம்மிலும் தெளித்தாள். நாலிலும் ஒரே மாதிரி சுர்ரென்று ஆவி கிளம்பியது.

“ஒரு சக்கரத்துல கோளாறுன்னா அது ஒண்ணுதான மாமி சுடணும்? நாலும் சேர்ந்து சுடுதுன்னா, நாலுக்கும் பொதுவான இடத்துலதான் வில்லங்கம் இருக்கு.”

அப்புறம்தான் வண்டிக்கு அடியில் படுத்தாள். தெரு அதைத்தான் பார்த்துச் சிரித்தது. சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன திருகைத் தளர்த்தினாள். பிரேக் ஆயில் பீறிட்டது, நாலு சக்கரமும் விட்டுவிட்டன. மிதிக்கும்போது சக்கரத்துக்குப் போன ஆயில் திரும்ப வழியில்லாமல் நிற்கிறது, வடிகால் அடைத்த வயல் மாதிரி என்றாள். அந்த ஆயில் புறப்படுகிற இடம் மாஸ்டர் சிலிண்டராம், பிரேக் மிதிக்கட்டைக்குப் பக்கத்தில் இருப்பது. அதைப் பிரித்தாள். உள்ளே இருந்த ரப்பர், ஊறவைத்த கடலை மாதிரி உப்பி, ஆயில் திரும்புகிற துளையை மூடிக்கொண்டிருந்தது. ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்தாள்.

“மாமி, இதுல மாமா என்ன ஊத்துவாங்க?”

“பம்புசெட் எண்ணெய்தான். குறைஞ்சிருக்குன்னு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்திகூட ஊத்தினாரு. கதவுக் கீலுக்கும் அதான், தையல் மெஷினுக்கும் அதான். எண்ணெய்னா எண்ணெய்தானே?” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவள் கையைத் துடைத்தாள். பிரேக்குக்கு என்று தனி ஆயில் உண்டாம். மற்ற எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடுமாம். அதை அவள் மெதுவாகச் சொல்லச் சொல்ல எனக்கு விளங்கியது.

“இது நமக்குள்ள இருக்கட்டும் மாமி. மாமா பேரைத் தெரு பேசவேணாம்.”

ரகுராமனைக் கூப்பிட்டாள். ரப்பர் கெட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அவர் குழாய்களைக் கழுவி, சக்கரங்களில் இருந்த ரப்பரையும் சேர்த்து எல்லாம் புதிதாகப் போட்டார். வேடிக்கை பார்த்தவர்கள், இவள் கெடுத்ததை அவர் சரி செய்தார் என்று போனார்கள். இவள் காதில் அது விழாமல் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்த கோளாறைத் தண்ணீர் தெளித்தே கண்டுபிடித்தவள், தன்மேல் விழுந்த பழியைத் துடைக்காமல் நின்றாள். யா அல்லாஹ், இப்படி ஒரு பிள்ளையா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் சொல்லமாட்டாள். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தால், நான்தான் ஊற்றினேன் என்று அவரே தெருவில் நின்று சொல்லியிருப்பார். அதனால் நான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை நாற்றுப் பாய்களை ஏற்றியாயிற்று. பழைய இரும்புக்காரர் மத்தியானம் வருவதாக இருந்தது. ஷமீரா புர்காவைப் போட்டுக்கொண்டு சாவியோடு வந்தாள். நான் வாசற்படியில் வழிவிடாமல் நின்றேன்.

“இன்னைக்குப் போகலன்னா நாத்து வீணாப் போயிடும் மாமி. பிரேக் பிடிச்சுக்கிச்சுன்னா வண்டியை அங்கேயே விட்டுட்டு நடந்து வந்துடுறேன். துஆ கேளுங்க, வழி விடுங்க.”

ஒதுங்கினேன். இறங்கிப் போனாள். தெருமுனையில் ஆடுகள் படுத்துக்கிடந்தன. வண்டிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி நின்றது. அந்த ஆடுகள் ஒவ்வொன்றாக எழுந்து, சோம்பல் முறித்து நகர்கிற வரைக்கும் அல்லாஹ்விடம் துஆ கேட்டபடியே நின்றேன். விளக்கு அணைந்தது. சக்கரங்கள் உருண்டன.