டி.சி. கிடைத்த வீடு
என் கணவரும் அக்காவின் கணவரும் ஒன்றாக வருவாய்த் துறையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அத்தான் தாசில்தார் ஆகிவிட்டார். என் வீட்டுக்காரர் இன்னும் துணை தாசில்தார்தான். இதில் அத்தானுக்கு டெபுடி கலெக்டர் பதவி உயர்வு எந்த நேரமும் வரலாம் என்று ஒரு பேச்சு. வீட்டில் சுருக்கமாக டி.சி. என்போம். அந்த இரண்டு எழுத்தைக் கேட்டாலே எனக்குக் காந்தும்.

போன மாசியில் நாங்குநேரியிலிருந்து அம்மா போன் செய்தாள். கோயில் மேளச் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை.

"அக்கா வீட்டுல டி.சி. குடுத்துட்டாகளாம். நீ ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வா."

எனக்கு வயிறு எரிந்தது. இனி அக்காவுக்கு ஜீப், டிரைவர், கல்யாண வீடுகளில் முதல் வரிசை நாற்காலி. கணவரிடம் சொன்னேன். "நல்லதுதானே" என்று ரசத்தைக் குடித்தார். அவருக்குப் பொறாமைகூட வரவில்லையே என்று அதற்கும் கோபம் வந்தது.

மறுநாள் ஜாங்கிரி வாங்கிக்கொண்டு சேரன்மகாதேவிக்குப் பஸ் ஏறினேன். கதவைத் திறந்த அக்கா தலைகூட வாரியிருக்கவில்லை.

"டி.சி. கிடைச்சிட்டாமே! இனிமே எங்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?" என்று பெட்டியை நீட்டினேன்.

அக்கா என்னையே பார்த்தாள். "ஏட்டி, பிள்ளைக்கு டி.சி. குடுத்துக் காலேஜை விட்டு அனுப்பிட்டாக. அதுக்கா மிட்டாய் வாங்கிட்டு வந்திருக்க?"

ஹாஸ்டலில் அடிதடியாம். கல்லூரியில் கொடுத்தது மாற்றுச் சான்றிதழ்.

"அய்யோ, நான் அத்தானுக்கு டெபுடி கலெக்டர் வந்துட்டுன்னு நெனச்சேன்க்கா!"

"அது எங்கட்டி வந்துச்சு?" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்தப் பதவி இன்னும் வரவில்லை என்பதில் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. அது முகத்தில் தெரிந்துவிடாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அப்போது அடுக்களையிலிருந்து அத்தான் காபியோடு வந்தார். ஆற்றி, அக்காவின் கையில் கொடுத்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"பைய குடி. வேற காலேஜ் நான் பாக்கேன். நீ அழாத."

அக்கா தலையாட்டினாள். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து தம்ளரை வாங்கி வைத்தார். திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பதவி ஞாபகமே இல்லை. அந்தக் காபிதான் நெஞ்சில் எரிந்துகொண்டு வந்தது.

"சகலை என்ன சொல்லுதாரு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"காபி போட்டு அக்கா கையில குடுத்தாக."

"அப்படியா" என்று டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.